நேராக ஸ்டெப்னிக்குப் போனோம்

அந்த ஜீப்பை நிறுத்தும்போது இரவு ஒன்றரை மணி இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஒரு செக்போஸ்ட். நான் சப்-இன்ஸ்பெக்டராகி நாலாவது வருடம். ஏட்டய்யா டார்ச் அடித்தார். டிரைவர் லைசென்ஸை எடுப்பதற்குள் நான் வண்டிக்குப் பின்னால் போய், "அந்த ஸ்டெப்னியைக் கழற்று" என்றேன். டயருக்குள் எட்டு கிலோ கஞ்சா. மொத்த வேலையும் பத்து நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் இன்ஸ்பெக்டர் தோளில் தட்டினார்.

டிரைவர் அன்று இரவு என்னைப் பார்க்கவே இல்லை. கழற்றிப் போட்ட டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மனதுக்குள் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது நாலு நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. சரக்கு அந்த டயருக்குள் இருப்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். அனுப்பியவர், ஓட்டி வந்தவர், டயரைக் கழற்றி மாட்டிக் கொடுத்த பஞ்சர் கடைக்காரர். முதல் இருவரும் போட்டுக் கொடுத்திருக்க மாட்டார்கள். மிச்சம் ஒருவர்.

அரசு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவருக்கு வலது கையில் மாவுக்கட்டு. வீல் ஸ்பேனரால் அடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரிப் பதிவில் 'தவறி விழுந்தது' என்று இருந்தது. புகார் தரவும் அவர் தயாராக இல்லை. நான் மஃப்டியில்தான் போயிருந்தேன். இருந்தாலும் வந்ததே தப்பு என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "முதல்ல சீட்டைத் தூக்கிப் பாத்திருக்கலாமே சார்."

முப்பது வருட சர்வீஸில் இன்பார்மர்களைப் பற்றி எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். எதுவும் அந்த ஒரு வரி அளவுக்கு என்னிடம் ஒட்டவில்லை. நான் யாரிடமும் அவர் பெயரைச் சொல்லவில்லை. டைரியில்கூட 'தபால்' என்றுதான் குறித்திருந்தேன். ஆனால் ஜீப்பை நிறுத்திய விதத்திலேயே சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ரெய்டுக்கு முன்னாலும் ஒரு கணக்குப் போட ஆரம்பித்தேன். இந்தத் தகவல் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்க முடியும்? பத்துப் பேருக்கு என்றால் போகலாம். மூன்று பேர், அதில் ஒருவர் நம் ஆள் என்றால் அப்படியே போகக் கூடாது. வண்டியை நம் எல்லையில் விட்டுவிட்டு, அறுபது கிலோமீட்டர் தள்ளி வேறு ஸ்டேஷன் ஆட்களை வைத்து நிறுத்தலாம். அதற்கு முன்னால் நாலு வண்டியை நிறுத்திச் சோதிக்க வேண்டும், இதை ஐந்தாவதாக. ஆர்.சி. புக் கேட்பது, இன்சூரன்ஸ் பார்ப்பது, சீட்டைத் தூக்குவது, டூல் பாக்ஸைக் கொட்டுவது, கடைசியில் சலித்துப்போன மாதிரி டயருக்கு வருவது. மோப்ப நாய் கிடைத்தால் இன்னும் நல்லது. பழி முழுக்க நாயின் மேல் போகும்.

இதில் எதற்கும் வழியில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிட வேண்டும். இதை எழுதுவது சுலபம், செய்வது கஷ்டம். மாதக் கடைசியில் மேலே இருந்து கேஸ் கணக்குக் கேட்கும்போது, "ஐயா, தகவல் இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். நான் இரண்டு தடவைதான் சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்பார்மரை ரெய்டுக்குக் கூட்டிக்கொண்டு போவது இன்னொரு பழைய வழக்கம். முக்காடு போட்டு ஜீப்பின் பின் சீட்டில் உட்கார வைத்து, "எந்த வீடு, காட்டு" என்பார்கள். முக்காட்டுக்குள் யார் என்று ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். வீரப்பன் காலத்தில் மலைக் கிராமங்களில், ஆள்காட்டி என்ற சந்தேகம் ஒன்றுக்காகவே எத்தனையோ பேர் கொல்லப்பட்டார்கள். 1993 ஏப்ரலில் பாலாறு கண்ணிவெடியில் இறந்த 22 பேரில் போலீஸுக்குத் தகவல் சொல்லி, கூடவே வண்டியில் வந்தவர்களும் இருந்தார்கள். அந்த மாவட்டங்களில் வேலை பார்த்த பெரியவர்கள் 'ஆள்காட்டி' என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

கூட்டிக்கொண்டு போவதைவிட மோசமானது ஒன்று உண்டு. நடுராத்திரியில் மகஜருக்கு, அதாவது சரக்கைக் கைப்பற்றியதை எழுதும் பதிவுக்கு, சாட்சி கிடைக்கவில்லை என்று தகவல் சொன்னவரையே கையெழுத்துப் போட வைப்பது. அந்த மகஜர் நகல் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், வக்கீல் கைக்குப் போகும். அப்புறம் ரகசியம் எங்கே இருக்கிறது?

எழுத்தில் என்ன வர வேண்டும், வரக் கூடாது என்பதில் பல இளம் அதிகாரிகளுக்குக் குழப்பம் இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 42-வது பிரிவுப்படி, தகவல் கிடைத்ததும் அதை எழுத்தில் பதிவு செய்து, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்ப வேண்டும். இதில் கோட்டை விட்டு விழுந்த கேஸ்கள் நிறைய. ஆனால் எழுத வேண்டியது என்ன தகவல் என்பதைத்தான், யார் சொன்னார் என்பதை அல்ல. எழுதுவதில் பொய் இருக்கக் கூடாது. அதே நேரம், சொன்னவர் எந்தக் கடை வாசலில் நின்று பார்த்தார் என்பதும் அதில் இருக்க வேண்டியதில்லை. எழுதி முடித்ததும் எதிரியின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை படித்துப் பார்ப்பேன். 'இதை எனக்கு மிக நெருக்கமானவன்தான் சொல்லியிருக்கணும்' என்று அவனுக்குத் தோன்றுமா? தோன்றும் என்றால், அந்தக் கேஸில் இன்பார்மரை ஊரை விட்டுக் கொஞ்ச நாள் நகர்த்துவதைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

கோர்ட்டில் நான் செய்த தப்பு வேறு வகை. யார் தகவல் கொடுத்தது என்று சொல்லும்படி போலீஸ் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 125-வது பிரிவு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் 131. போதைப்பொருள் சட்டத்திலும் 68-வது பிரிவு தனியாக இதைச் சொல்கிறது. எனக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனால் குறுக்கு விசாரணையில் அந்த வக்கீல் 'யார் சொன்னது' என்று கேட்கவே இல்லை. ஒரு பெயரைச் சொல்லி, "இவர்தானே உங்களுக்குத் தகவல் தந்தது?" என்றார். "இல்லை" என்றேன். இன்னொரு பெயர். "இல்லை." மூன்றாவது பெயருக்கு நான் கொஞ்சம் நிமிர்ந்து, "அதைச் சொல்ல நான் கடமைப்பட்டவன் இல்லை" என்றேன். ரொம்பச் சாமர்த்தியமாகப் பதில் சொன்னதாக நினைப்பு. கூண்டில் இருந்த எதிரி சிரித்ததைப் பார்த்த பிறகுதான் வயிற்றில் புளி கரைந்தது.

வெளியே வந்ததும் எங்கள் தரப்பு அரசு வக்கீல் (பி.பி.) என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பேர் சொல்லிக் கேட்டா எல்லாப் பேருக்கும் ஒரே பதில் சார். காந்தி பேரைச் சொன்னாலும் அதே பதில்தான்." அன்று மாலையே அந்த மூன்றாவது ஆளுக்குச் சேதி போய், அவர் குடும்பத்தோடு மாமியார் ஊருக்குக் கிளம்பினார். மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பினார். வேறு அசம்பாவிதம் இல்லை. அது என் திறமையால் அல்ல.

'சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதே' என்று இப்போது பலர் கேட்கிறார்கள். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட திட்டம் அது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு, மிரட்டல் எவ்வளவு தீவிரம் என்ற அறிக்கையைப் பார்த்து, வீட்டுக்குக் காவல் போடுவதிலிருந்து இடம் மாற்றுவது வரை உத்தரவிடலாம். நல்ல திட்டம். ஆனால் அது சாட்சிகளுக்கு. கோர்ட்டில் வந்து பேசுகிறவருக்கு. இன்பார்மர் என்பவர் காகிதத்தில் இல்லாதவர். காகிதத்தில் இல்லாதவருக்கு எந்த மனுவில் பாதுகாப்புக் கேட்பது? எங்கள் பக்கத்தில் நடைமுறையில் இருந்த பாதுகாப்புத் திட்டத்தின் பெயர் திருப்பூர். ஒரு ஆள் திடீரென்று பனியன் கம்பெனி வேலைக்குப் போனால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பஞ்சர் கடைக்காரரும் அங்கேதான் போனார். பஸ்ஸுக்கும் முதல் மாத வாடகைக்கும் நானும் ஏட்டய்யாவும் கையிலிருந்து போட்டோம்.

பணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ரகசிய நிதி, அதாவது எஸ்.எஸ். ஃபண்ட், கீழே உள்ள ஸ்டேஷனுக்கு வந்து சேர்வது குறைவு, வரும்போதும் தாமதம். அதனால் பெரும்பாலும் அதிகாரியின் சட்டைப் பையிலிருந்துதான் போகும். இதில் இரண்டு ஆபத்து. ஒன்று, கணக்கில்லாத பணம் அதிகாரியைக் கெடுக்கும். ஐநூறு கொடுத்து ரெண்டாயிரம் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு அதிகாரி முன்னிலையில் கொடுத்து, புனைபெயரில் ரசீது வாங்கி வைப்பதுதான் சரி. இரண்டாவது ஆபத்து வாங்குகிறவருக்கு. பெரிய கேஸ் ஒன்று முடிந்து மொத்தமாகக் கொடுத்த பணத்தில் ஒருவர் மறு வாரமே செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கினார். கூலி வேலைக்காரர், வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தவர். டீக்கடையில் எல்லோரும் பைக்கைப் பார்த்தார்கள், கணக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு நான் சிறுகச் சிறுகத்தான் கொடுப்பேன். முடிந்தால் பணமாகக் கொடுக்காமல் பள்ளிக்கூடப் பீஸாகக் கட்டிவிடுவேன்.

போதைப்பொருள், சுங்கக் கேஸ்களில் சர்க்கார் வெகுமதி உண்டு. 'பிடிபட்ட மதிப்பில் இருபது சதவீதம் கிடைக்கும்' என்று ஆசை காட்டுகிற அதிகாரிகளும் உண்டு. அந்த இருபது உச்சவரம்புதான். தருவதும் தராததும் அரசின் விருப்பம், உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கிடைத்தாலும் வருடக்கணக்காகும். வாக்குக் கொடுக்கும்போது நம் கையில் இருப்பதை மட்டும் கொடுக்க வேண்டும். 'உன் மேல் இருக்கிற கேஸை நான் பார்த்துக்கிறேன்' என்பது நம் கையில் இல்லாதது.

சந்திக்கும் இடம் பற்றி நிறைய கதைகள் உண்டு. சினிமாவில் பாழடைந்த கட்டடத்தில் சந்திப்பார்கள். நிஜத்தில் பாழடைந்த கட்டடத்துக்குள் ஒரு எஸ்.ஐ. போனால் ஊரே வேடிக்கை பார்க்கும். நான் கற்றுக்கொண்டது, சந்திப்புக்கான காரணம் பொய்யாக இருக்கக் கூடாது. ஒரு தையல்காரர் எனக்குப் பல வருடம் தகவல் தந்தார். போலீஸ்காரர் யூனிஃபார்ம் தைக்கப் போவது இயல்பு. உண்மையிலேயே தைத்தேன், உண்மையிலேயே கூலி கொடுத்தேன், பேன்ட் இறுக்கம் என்று உண்மையிலேயே சண்டையும் போட்டேன். அந்தச் சண்டை தெருவுக்கே கேட்டது எவ்வளவு உதவி என்று எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

செல்போன் வந்த பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்பார்கள். எனக்குத் தெரிந்து அது இன்பார்மருக்கு வந்த பெரிய கேடு. இப்போது கும்பல்கள் தங்கள் ஆட்களின் போனை வாங்கி நோண்டுகின்றன. பெயரை மாற்றிச் சேமித்தால் போதும் என்று நினைப்பது பேதைமை, ட்ரூகாலரில் போட்டால் எஸ்.ஐ. பெயர் வந்துவிடும். ரெய்டுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப், அதில் இருபது பேர், இன்பார்மர் அனுப்பிய படத்தை ஒருவர் அப்படியே ஃபார்வர்டு செய்கிறார். படம் எந்த மாடியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது படத்திலேயே தெரிகிறது. சர்வீஸின் கடைசி வருடங்களில் நான் படமே வாங்குவதில்லை. வாயால் கேட்டு, நானே போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

தகவல் சொல்கிறவர் ஏன் சொல்கிறார் என்று கேட்காத அதிகாரி ஒருநாள் மாட்டுவார். மூன்று தடவை சரியான தகவல் தந்த ஒருவர், நாலாவது தடவை ஒரு விவசாயியின் மாட்டுக் கொட்டகைக் கூரையில் சரக்கு இருப்பதாகச் சொன்னார். நான் கிளம்பிவிட்டேன். ஏட்டய்யாதான், "ஐயா, இவனுக்கும் அவருக்கும் வரப்புத் தகராறு. ரெண்டு நாள் பொறுப்போம்" என்றார். வயலில் ஆள் போட்டோம். இரண்டாம் ராத்திரி, தகவல் சொன்னவரின் மச்சினன் ஒரு பையோடு கொட்டகைக்குள் நுழைந்தான். அன்றைக்கு நாங்கள் பொறுக்காமல் போயிருந்தால் ஒரு அப்பாவி ஜாமீன் கிடைக்காமல் உள்ளே கிடந்திருப்பார். மச்சினன், தகவல் சொன்ன மாப்பிள்ளை இரண்டு பேர் மேலும் கேஸ் போட்டோம். ஸ்டேஷன் வாசலில் நின்று, "நான்தானே உங்களுக்கு எல்லாத்தையும் சொன்னேன்!" என்று அவர் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். தன்னைத் தானே காட்டிக் கொடுத்துக்கொண்ட ஒரே இன்பார்மர் என் சர்வீஸில் அவர்தான்.

ஏட்டய்யாவுக்கு அந்த ஆளைத் தெரிந்திருந்ததால் தப்பித்தோம். ஒரு இன்பார்மரை ஒரே அதிகாரி மட்டும் தெரிந்து வைத்திருப்பது ரகசியத்துக்கு நல்லது, நேர்மைக்கு நல்லதல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ரவுடி வைட்டி பல்ஜரை எஃப்.பி.ஐ. தகவலாளியாக வைத்திருந்தது. அவரைக் கையாண்ட ஏஜென்ட் ஜான் கானலி கடைசியில் யாருக்கு வேலை பார்க்கிறார் என்றே தெரியாமல் போனது. தப்பி ஓடும்படி முன்கூட்டி எச்சரித்ததும் அவரே. பல்ஜர் 16 வருடம் தலைமறைவாக இருந்து 2011-இல்தான் பிடிபட்டார், ஏஜென்ட் அதற்கு முன்பே ஜெயிலுக்குப் போனார். இங்கிலாந்தில் 2000-ஆம் வருடச் சட்டப்படி, தினமும் கையாள ஒரு அதிகாரி, அவரைக் கண்காணிக்க இன்னொருவர் என்று இரண்டு பேர் இருந்தாக வேண்டும். எங்களுக்கு அப்படி எழுதி வைக்காவிட்டாலும், நல்ல இன்ஸ்பெக்டரும் நல்ல ஏட்டய்யாவும் அமைந்தால் அது தானாக நடக்கும். அமையாவிட்டால் நடக்காது.

டிரான்ஸ்ஃபர் விஷயத்தில் எனக்கு இன்னும் உறுத்தல் இருக்கிறது. ஒரு ஊரிலிருந்து ஒரே நாளில் என்னை விடுவித்தார்கள். பொறுப்பை ஒப்படைக்கும்போது அடுத்து வந்தவரிடம், இன்னாரிடம் பேசிப் பாருங்கள் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆளிடம் நான் கேட்கவில்லை. புதியவர் மறுநாளே யூனிஃபார்மில் ஒரு கான்ஸ்டபிளை அவர் வீட்டுக்கு அனுப்பி, "ஐயா கூப்பிடறார்" என்று வரச் சொல்லியிருக்கிறார். இரவு எஸ்.டி.டி. பூத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. "நாற்காலி, மேசை, துப்பாக்கியோட சேர்த்து என்னையும் ஒப்படைச்சுட்டுப் போயிட்டீங்களா சார்?" அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் என்னிடமும் பேசவில்லை, வேறு எந்தப் போலீஸ்காரரிடமும் பேசவில்லை. விருப்பம் கேட்க வேண்டும். சம்மதித்தால் மூவரும் ஒரு தடவை உட்கார வேண்டும். மறுத்தால் அந்தப் பெயர் அங்கேயே முடிந்தது.

பெண்கள் தரும் தகவலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கள்ளச்சாராயம் எங்கே இறங்குகிறது, எந்த லாரி டியூபில் வருகிறது என்று ஊர்ப் பெண்களுக்குத் தெரியாதது இல்லை. குடிப்பது அவர்கள் புருஷன்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தபோது, 'யாரும் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை' என்று டி.வி.யில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னால் பெயர் அரை மணி நேரத்தில் விற்கிறவனுக்குப் போய்விடும் என்ற பயம் எந்த ஊரிலும் இருக்கிறது, அந்தப் பயம் பல இடங்களில் நியாயமானது. எங்களிடம் ஒரு பெண் ஏட்டு இருந்தார். ரேஷன் கடை வரிசையில் தன் கார்டோடு போய் நிற்பார், அவ்வளவுதான். எங்கள் மதுவிலக்குக் கேஸ்களில் பாதி அந்த வரிசையிலிருந்து வந்தவை.

தகவல் சொல்ல நினைக்கும் சாதாரண ஆட்கள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். உள்ளூர் ஸ்டேஷனில் நம்பிக்கை இல்லாவிட்டால் அங்கே போக வேண்டாம். சாராயம், போதைப்பொருளுக்குத் தமிழ்நாட்டில் 10581 என்ற போன் எண் இருக்கிறது. போதைப்பொருளுக்கு மத்திய அரசின் 1933 இருக்கிறது, 2024-இல் தொடங்கியது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், இன்னொரு தடவை போய் உளவு பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பாதீர்கள். சொல்வதற்கு முன்னால், இது என்னைத் தவிர எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கிற அதிகாரிக்கு விவரம் இருந்தால் அதன் அர்த்தம் புரியும். நாளைக்கு யாராவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனுப் போட்டுத் தகவல் சொன்னவர் யார் என்று கேட்டாலும், 8(1)(ஜி) பிரிவுப்படி அதைத் தர வேண்டியதில்லை. சண்டைக்காரர்கள் அதையும் முயற்சி செய்திருக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பூர் போனேன். அவர் கடை எங்கே என்று எனக்குத் தெரியும், ஆனால் இத்தனை வருடமும் போனதில்லை. அன்றைக்கு முன் டயரில் உண்மையிலேயே காற்று இறங்கியிருந்தது. அவருக்குத் தலை முழுக்க நரை. வலது கை இன்னும் முழுதாக மடங்கவில்லை, ஸ்பேனரை இடது கையால்தான் பிடித்தார். பையன் கம்ப்ரஸரைப் போட்டான். என்னை அடையாளம் தெரிந்ததா என்று அவர் முகத்தில் எதுவும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. பஞ்சர் ஒட்டி முடித்து, கேட்காமலேயே மற்ற மூன்று டயரிலும் காற்றுப் பார்த்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்தார். பின் சீட்டைத் தூக்கிக் கீழே எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்கு வந்தார்.